போபாலுக்கு ஓர் ஆற்றுப்படை

கோதையாறும் பறளியாறும் சேர்ந்து குழித்துறைத் தாமிரபரணியாகி எங்கள் தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் கலக்கின்றன. அந்த நீர் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வருகிறது. பேச்சிப்பாறை அணையைச் சுற்றியும் அதற்கு மேலும் காணிக்காரர் குடியிருப்புகள் உள்ள காடுகளைக் கடந்து வருகிறது. பொழிமுகத்தில் நின்று பார்த்தால் ஆற்று நீர் எங்கே முடிகிறது, கடல் நீர் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் கோடு கிழித்துக் காட்ட முடியாது. சிறுவயதிலிருந்து பார்த்துப் பழகிய காட்சிதான் என்றாலும், அண்மையில் ஒரு நண்பர் கேட்ட கேள்விக்குப் பிறகு அதை வேறு விதமாக நினைத்துக்கொள்கிறேன்.

என்னுடன் கல்லூரியில் பணியாற்றும் நண்பர் புதுவீடு கட்டிக் குடிபுகுந்தார். கூடத்துச் சுவரில் ஒரு படம் தொங்கியது. கருநீலப் பின்புலத்தில் ஒரு மான். அதன் கொம்புகள் கிளைத்துக் கிளைத்து ஒரு மரமாகவே விரிந்திருந்தன. மரத்தில் பறவைகள். மானின் உடல் முழுவதும் நெல்மணிகளைப் பரப்பி வைத்தாற்போல் நுண்ணிய கோடுகள். ஏதோ ஒரு கைவினைப் பொருட்காட்சியில் வாங்கியதாகச் சொன்னார்.

"கோண்டு ஓவியம். ஆயிரக்கணக்கான வருஷத்துப் பழைய ஆதிவாசிக் கலை என்று கடைக்காரர் சொன்னார். அசல்தானா சார்?" என்று கேட்டார்.

விருந்துக்கு வந்திருந்த இன்னொருவர் முந்திக்கொண்டார். "அசல் என்றால் காட்டில் இருக்கிறவன் வரைந்ததாக இருக்க வேண்டும். இதெல்லாம் இப்போது பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு வரைகிறார்கள்."

அன்று பந்திக்கு நேரமாகிவிட்டதால் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். இன்று உலகம் கோண்டு ஓவியம் என்று அழைக்கும் இந்தக் கலை காட்டில் பிறந்ததன்று. ஆயிரம் ஆண்டுப் பழமையும் அதற்கில்லை. அது மத்தியப் பிரதேசத் தலைநகர் போபாலில் 1980களில் பிறந்தது. முதன்முதலாக அதை வரைந்தவரின் பெயர் நமக்குத் தெரியும். அவர் எங்கே, எப்படி இறந்தார் என்பதும் தெரியும். இவ்வளவுக்குப் பிறகும் அது அசலான ஆதிவாசிக் கலையே என்பது என் வாதம்.

* * *

தமிழ் படித்தவர்களுக்கு இந்த வரலாற்றைப் பாணரிலிருந்து தொடங்குவது எளிது.

நர்மதை தோன்றும் மலைப்பகுதியில் வாழும் கோண்டு மக்களிடையே பர்தான் என்றொரு பிரிவினர் உண்டு. பாடுவது அவர்கள் தொழில். பாணா என்ற மூன்று நரம்புக் கருவியை வில்லால் இசைத்து, கோண்டு அரசர்களின் கதைகளையும் குலங்களின் வம்சாவழியையும் தெய்வங்களின் பிறப்பையும் பாடுவார்கள். ஒவ்வொரு பர்தான் குடும்பத்துக்கும் இன்னின்ன கோண்டு குடும்பங்கள் புரவலர் என்று வழிவழியாக வரையறுக்கப்பட்டிருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புரவலர் இல்லங்களுக்குப் போய்ப் பாடி, தானியமும் துணியும் கால்நடையும் பெற்றுத் திரும்புவார்கள். சாம்ராவ் ஹிவாலே 1946இல் இவர்களைப் பற்றி ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். அவருடைய நண்பரும் மானிடவியலாளருமான வெரியர் எல்வின் 1940களில் வாழ்ந்த பாட்டன்கட் என்ற சிற்றூர் பர்தான்களின் ஊர்.

அவர்களுடைய தோற்றக் கதை அழகானது. அண்ணன் தம்பியர் எழுவர். அவர்கள்மேல் சினங்கொண்ட பெருந்தெய்வம் படா தேவ் சாஜா மரத்துக்குள் மறைந்துவிட்டது. சாஜா என்பது நம்மூர்க் கருமருது. கடைசித் தம்பி ஒரு பாணா செய்து அந்த மரத்தடியில் இசைத்தான். தெய்வம் மனமிரங்கித் திரும்பியது. அன்றுமுதல் இசைத்து எழுப்புவது தம்பி வழியினரான பர்தான்களின் கடமையாயிற்று. அவர்களைப் பேணுவது அண்ணன்மார் வழியினரின் கடமையாயிற்று.

பாணா என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குப் பாணர் நினைவு வருவது இயல்பு. கோண்டி திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதும் ஆசையைத் தூண்டும். ஒலி ஒற்றுமையை வைத்துக்கொண்டு உறவு கட்டும் வேலையில் நான் இறங்கவில்லை. ஒப்பிடத்தக்கது வாழ்க்கை முறை: பாடுவோர், பேணுவோர், இடையே ஒரு நரம்புக் கருவி. இரண்டு சமூகங்களுக்கும் நேர்ந்த முடிவும் ஒன்றே. கொடுப்பவன் ஏழையானபோது பாடுபவன் வறியவனானான்.

தமிழகத்தில் சீறூர்த் தலைவர்கள் மறைந்து பேரரசுகள் எழுந்தபோது பாணரின் இடம் சரிந்தது. தேவாரத்துக்குப் பண் அமைக்க ஆள் இன்றிச் சோழ அரசன் தேடியபோது, எருக்கத்தம்புலியூரில் பாணர் வழிவந்த ஒரு பெண்ணே உதவினாள் என்று திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. அவளுடைய குலம் நமக்குச் சொல்லப்படுகிறது. பெயரை நாம் நினைவில் வைத்திருக்கவில்லை. இந்தச் செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கோண்டுவானாவிலும் இதுவே நடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கடா-மண்டலா அரசு மராத்தியரிடம் வீழ்ந்தது. பின்னர் ஆங்கிலேயரின் வனச் சட்டங்கள் காட்டை அரசுடைமை ஆக்கின. கோண்டுகள் கூலிகளானார்கள். புரவலர் கூலியானபின் பாணாவுக்கு யார் நெல் அளப்பார்கள்? பர்தான்களும் மண் சுமக்கப் போனார்கள்.

* * *

அப்படி மண்வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இளைஞர்களில் ஒருவர் ஜன்கட் சிங் ஷியாம். 1960களின் தொடக்கத்தில் பாட்டன்கட்டில் பிறந்தவர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்த வேளையில் பிறந்ததால், கணக்கெடுப்பைக் குறிக்கும் 'ஜனகணனா' என்ற சொல்லிலிருந்து அவருக்கு அப்பெயர் அமைந்தது என்று சொல்வார்கள். அரசாங்கம் தலைகளை எண்ணிக்கொண்டு போனதன் நினைவே ஒருவருக்குப் பெயராயிற்று.

1981இல் போபாலில் பாரத் பவன் என்ற பண்பாட்டு மையம் உருவாகிக்கொண்டிருந்தது. கட்டடத்தை வடிவமைத்தவர் சார்லஸ் கொரியா. அதன் கலைக்கூடமான ரூபங்கரின் பொறுப்பில் இருந்தவர் ஓவியர் ஜெ. சுவாமிநாதன், 1928இல் சிம்லாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், முன்னாள் பொதுவுடைமைக் கட்சிக்காரர், இதழாளர். ஆதிவாசிகளின் கலையை அருங்காட்சியகத்தின் மானிடவியல் பிரிவில் மண்பானைகளோடும் அம்புகளோடும் அடுக்கி வைக்கும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. இன்று தில்லியில் வரையும் ஓவியனும் இன்று மண்டலா மாவட்டத்தில் வரையும் ஆதிவாசியும் ஒரே காலத்தவர்கள். ஒருவரை நவீனர் என்றும் மற்றவரைப் பழமையின் எச்சம் என்றும் பிரிக்க எவருக்கும் உரிமையில்லை என்பது அவர் நிலைப்பாடு. ஆகவே இரு சாராரின் படைப்புகளையும் ஒரே கூரையின்கீழ் வைக்கத் தீர்மானித்தார். மாநிலமெங்கும் குழுக்களை அனுப்பினார். ஒரு குழு பாட்டன்கட் சென்றபோது ஒரு குடிசைச் சுவரில் இருந்த அனுமன் உருவம் அவர்கள் கண்ணில் பட்டது. வரைந்தவர் ஜன்கட்.

அடுத்த ஆண்டு, 1982 பிப்ரவரி 13 அன்று, பிரதமர் இந்திரா காந்தி பாரத் பவனைத் திறந்துவைத்தார். ஜன்கட்டின் படைப்புகள் அங்கே இருந்தன. அவரும் போபாலுக்கே வந்துவிட்டார். பாரத் பவனின் அச்சோவியப் பிரிவில் அவருக்கு வேலை கிடைத்தது.

இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். பர்தான்களிடம் அதற்குமுன் ஓவியமே இல்லையா என்றால், இருந்தது. பெண்கள் வீட்டுத் தரையிலும் சுவரிலும் வெள்ளை மண்ணாலும் செம்மண்ணாலும் இடும் 'டிக்னா' கோலங்கள் இருந்தன. சுவரில் மண் குழைத்து எழுப்பும் புடைப்பு உருவங்கள் இருந்தன. உடம்பில் குத்திக்கொள்ளும் பச்சை வடிவங்கள் இருந்தன. ஆனால் காகிதத்தில், பளிச்சென்ற வண்ணங்களில், தெய்வங்களுக்கும் விலங்குகளுக்கும் உருவம் கொடுத்து வரையும் வழக்கம் இருந்ததில்லை. படா தேவுக்கு உருவமில்லை. சாஜா மரமே அவர். அந்தத் தெய்வங்களை முதன்முதலில் கண்ணுக்குத் தெரியும்படி வரைந்தவர் ஜன்கட். பாடலில் மட்டும் வாழ்ந்தவை அவர் கையில் கோடுகளாயின. புள்ளிகளாலும் நுண்கோடுகளாலும் உடலை நிறைக்கும் முறையை அவர் வகுத்தார். டிக்னாவும் பச்சையும் அங்கே வேறொரு பிறவி எடுத்தன.

ஒரு பாணன், புரவலர் இல்லாமற்போனபின், யாழைக் கீழே வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்துக்கொண்டான் என்று இதைச் சொல்லலாம். பாடப்படும் கதை அதேதான், கேட்பவர்தான் மாறிவிட்டார். இந்த மாற்றம் நிகழ நகரம் வேண்டியிருந்தது. காகிதமும் வண்ணமும் வேலையும் பார்வையாளரும் அங்கேதான் இருந்தார்கள்.

* * *

ஆற்றுப்படை இலக்கியத்தின் அடிப்படை நமக்குத் தெரியும். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கலைஞனுக்கு வழி சொல்கிறான்: நான் போன வழி இது, நீயும் போ. போட்டியாளனிடம் செல்வத்தின் முகவரியை மறைக்காமல் சொல்லும் அந்தப் பெருந்தன்மையை வகுப்பில் பேசும்போதெல்லாம் மாணவர்கள் வியப்பார்கள்.

ஜன்கட் செய்தது அதுவே. தம்பி, மருமகன், உறவுப் பெண்கள் என்று பாட்டன்கட்டிலிருந்து ஒவ்வொருவராகப் போபாலுக்கு அழைத்துக்கொண்டார். அவர் வீடு ஒரு பட்டறையாயிற்று. வந்தவர்கள் முதலில் அவருடைய பெரிய படங்களின் உட்புறத்தைப் புள்ளிகளாலும் கோடுகளாலும் நிரப்பினார்கள். கை பழகியதும் அவர்களைத் தனியே வரையத் தூண்டினார். மருமகன் பஜ்ஜு ஷியாம் அப்படி வந்தவர். இரவுக் காவலாளியாகவும் மின்வேலைக்காரராகவும் பிழைத்துக்கொண்டிருந்தவர். வெங்கட் ராமன் சிங் ஷியாம் தில்லியில் ரிக்‌ஷா இழுத்தவர், விளம்பரப் பலகை எழுதியவர். துர்காபாயி வியாம் சிறுமியாக இருந்தபோதே டிக்னா இடுவதில் பெயர் பெற்றவர்.

இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நிரப்புமுறை உண்டு. ஒருவர் சங்கிலிபோல் கோர்ப்பார். ஒருவர் விதைகளைப்போல் தூவுவார். ஒருவர் பிறையை அடுக்குவார். அறிந்தவர் கண்ணுக்கு அதுவே கையெழுத்து. குலத்தின் பொதுச்சொத்து என்று நாம் நினைக்கும் அந்தப் புள்ளிகள் உண்மையில் தனித்தனி மனிதர்களின் ஒப்பம். கவிஞரும் எழுத்தாளருமான உதயன் வாஜ்பேயி இந்தப் பாணிக்கு 'ஜன்கட் கலம்' என்று பெயர் சூட்டினார். கலம் என்றால் தூரிகை, எழுதுகோல். ராஜபுத்திர, மொகலாயச் சிற்றோவிய மரபுகளில் ஓவியப் பாணியைக் குறிக்க வழங்கும் சொல் அது. ஓர் ஆதிவாசியின் பெயரை அச்சொல்லோடு சேர்த்தது சரியான மரியாதை. ஆனால் சந்தைக்கு அது பிடிக்கவில்லை. சந்தையில் அது கோண்டு ஓவியமாகவே நின்றுவிட்டது. வரைபவர்கள் பர்தான்கள் என்பதும், தொடங்கியவருக்கு ஒரு பெயர் இருந்தது என்பதும் அச்சொல்லுக்குள் மறைந்தன.

* * *

1989இல் பாரிஸ் பொம்பிது மையத்தில் 'மண்ணின் மந்திரவாதிகள்' என்று பொருள்படும் தலைப்பில் நடந்த புகழ்பெற்ற கண்காட்சியில் ஜன்கட்டின் ஓவியங்கள் இடம்பெற்றன. உலகின் எல்லாக் கண்டங்களிலிருந்தும் கலைஞர்களைச் சமமாக நிறுத்தும் முயற்சி அது. பின்னர், கொரியா வடிவமைத்து 1996இல் நிறைவடைந்த போபால் சட்டமன்றக் கட்டடத்தின் சுவர்களில் ஜன்கட் பெரும் ஓவியங்கள் தீட்டினார். வாழ்நாளெல்லாம் அவர் மானும் மரமும் மட்டுமே வரைந்துகொண்டிருக்கவில்லை. தாம் ஏறிய விமானத்தையும் வரைந்தார்.

ஜப்பானுக்கும் போனார். அந்தப் பயணத்தையொட்டிப் பிறந்த மகளுக்கு ஜபானி என்று பெயரிட்டார். தகப்பன் பெயரில் மக்கள்தொகைக் கணக்கு, மகள் பெயரில் அயல்நாடு. ஒரு குடும்பம் ஒரே தலைமுறையில் கடந்த தொலைவை இவ்விரு பெயர்களும் சொல்லிவிடுகின்றன. ஜபானி ஷியாம் இன்று தம் பெயராலேயே அறியப்படும் ஓவியர்.

ஜப்பானின் நிகாட்டா மாநிலத்தில் தோக்காமாச்சி என்ற ஊரில், இந்திய நாட்டார் ஓவியங்களுக்கென்று மிதிலா அருங்காட்சியகம் என ஒன்று இருந்தது. இந்தியக் கலைஞர்கள் மாதக்கணக்கில் அங்கே தங்கி வரைவார்கள். 2001இல் ஜன்கட் மீண்டும் அங்கே சென்றிருந்தார். ஊர் திரும்பும் ஏக்கத்தை அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் காட்டின என்று பின்னர் சொன்னார்கள். 2001 ஜூலை 3 அன்று அங்கேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். இந்தியாவில் கலைஞர்களும் எழுத்தாளர்களும் விசாரணை கோரினார்கள். அவர் மனத்தில் என்ன இருந்தது என்று தூரத்திலிருந்து தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. எவர்மீதும் பழி சுமத்துவதும் என் நோக்கமன்று.

ஆனால் ஒன்று தோன்றுகிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனைப் பேணும் இடங்களை எல்லாரும் பாராட்டுவோம். உணவும் உடையும் பொன்னும் கொடுத்தது பெரிதுதான். அதைவிடப் பெரிது, அவன் ஊருக்குப் போக வேண்டும் என்று சொன்னபோது, பிரிய மனமின்றியும், தேரேற்றி ஏழடி உடன் நடந்து வழியனுப்பியது. புரவலனின் கடமை வரவேற்பதில் முடிவதில்லை. திருப்பி அனுப்பி வைப்பதில்தான் நிறைவுறுகிறது. பாணனுக்கும் ஓர் ஊர் உண்டு, அவனுக்காகக் காத்திருக்கும் சுற்றம் உண்டு என்ற அறிவு அந்த ஏழடியில் இருக்கிறது. இன்றைய கலைச் சந்தையின் புரவலர்களுக்கு, அவர்கள் அரசோ அருங்காட்சியகமோ வணிகரோ, அந்த ஏழடி நடக்கத் தெரியவில்லை.

ஜன்கட் இறந்து ஒன்பது ஆண்டுகளுக்குப்பின், 2010இல், 1988இல் அவர் வரைந்த சிலந்தி உள்ள ஓர் ஓவியம் நியூயார்க் ஏலத்தில் 31,250 டாலருக்குப் போயிற்று.

* * *

நகரத்தில் வாழும் ஆதிவாசிக் கலைஞனை உலகம் எங்கும் இதே கேள்வியால்தான் எதிர்கொள்கிறது. ஆஸ்திரேலியாவின் வரலாறு நமக்கு நல்ல ஒப்பீடு.

1966இல் அந்நாடு டாலர் நாணய முறைக்கு மாறியபோது, ஒரு டாலர் நோட்டில் டேவிட் மலங்கி என்ற ஆர்னம் நிலப் பழங்குடிக் கலைஞரின் மரப்பட்டை ஓவியத்தை அச்சிட்டார்கள். அவரிடம் யாரும் கேட்கவில்லை. அந்த ஓவியம் பெயரில்லாத பழங்காலச் சொத்து என்று எண்ணிவிட்டார்கள். வரைந்தவர் உயிரோடு இருப்பது தெரிந்தபின் 1,000 டாலரும் ஒரு பதக்கமும் மீன்பிடிக் கருவிகளும் கொடுத்தார்கள். ஒரு தேசம் தன் பணத்தாளிலேயே செய்த தவறு அது.

1971இல் நடுப் பாலைநிலத்தின் பப்புன்யா குடியேற்றத்தில், ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியரின் ஊக்கத்தால், மூத்தவர்கள் மணலிலும் உடலிலும் இட்டுவந்த வடிவங்களைப் பலகையிலும் துணியிலும் வரையத் தொடங்கினார்கள். நம் போபால் கதையின் மூத்த உடன்பிறப்பு இது. புள்ளிகளால் ஆன அவ்வோவியங்கள் உலகச் சந்தையில் ஆதிவாசிக் கலையின் முத்திரையாயின. அதன் விளைவு விசித்திரமானது. சிட்னியிலும் பிரிஸ்பேனிலும் பிறந்து வளர்ந்த, மூன்று தலைமுறையாகத் தாய்மொழி பேசாதபடி ஆக்கப்பட்ட பழங்குடியினர் புகைப்படமோ சுவரொட்டியோ கலையாகச் செய்தால், 'புள்ளி எங்கே? இது அசல் இல்லையே' என்றார்கள். மொழியையும் நிலத்தையும் பறித்தவர்களே, அவை இல்லையே என்று குறை சொன்னார்கள்.

1987இல் சிட்னியில் பத்துக் கலைஞர்கள் பூமலி என்ற கூட்டமைப்பைத் தொடங்கியது இந்தக் கேள்விக்கு எதிராகத்தான். 2002இல் ரிச்சர்ட் பெல் என்ற ஓவியர், பழங்குடிக் கலை என்ற பண்டத்தையே வெள்ளையர்தான் ஆள்கிறார்கள் என்று ஒரு கட்டுரையில் வாதிட்டார். 2024இல் வெனிஸ் நகரில் நடந்த ஈராண்டுக் கலைவிழாவில், ஆர்ச்சி மூர் என்ற பழங்குடிக் கலைஞர் ஆஸ்திரேலியாவுக்கு முதன்முறையாகத் தங்கச் சிங்க விருதைப் பெற்றுத் தந்தார். அவர் காட்சிக்கு வைத்ததில் புள்ளிகள் இல்லை. கருஞ்சுவர்களில் சாக்கட்டியால் கையால் எழுதிய வம்சாவழி. பெயர்கள், பெயர்கள், பெயர்கள். வம்சாவழி பாடும் பர்தான்களுக்கு அது அந்நியமாகத் தோன்றியிராது.

* * *

ஜன்கட்டுக்குப்பின் அவர் ஆற்றுப்படுத்தியவர்கள் நின்றுவிடவில்லை. 2002இல் பஜ்ஜு ஷியாம் லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவர்களை வரையச் சென்றார். திரும்பிவந்து தாம் பார்த்ததை வரைந்தார். பிக் பென் மணிக்கூண்டு அவர் படத்தில் சேவலோடு கலந்துவிடுகிறது. காலம் சொல்வது இரண்டின் வேலையுமல்லவா? மண்ணுக்கடியில் ஓடும் ரயில் மண்புழுவாகிறது. விமானம் சிறகு முளைத்த யானையாகிறது. ஆங்கிலேயர்கள் இந்தியக் காட்டைப் பற்றி எழுதிய காலம் போய், காட்டிலிருந்து போனவர் லண்டனைக் காடாக்கிக் காட்டினார். 2004இல் அது நூலாக வெளிவந்தது. வெளியிட்டது நம் சென்னையின் தாரா பதிப்பகம். இரண்டு ஆண்டுகளுக்குப்பின் பஜ்ஜு, துர்காபாயி, ராம்சிங் உர்வேதி மூவரும் மரங்களின் இரவு வாழ்க்கையை வரைந்த நூல் வந்தது. கருங்காகிதத்தில் ஒவ்வொரு பக்கமும் சென்னையில் கையாலேயே பட்டுத்திரை முறையில் அச்சிடப்பட்டது. 2008இல் அது இத்தாலியின் பொலோனியா நூற்கண்காட்சியில் விருது பெற்றது.

அம்பேத்கரின் வாழ்க்கையைச் சித்திர நூலாக்கும் வேலை துர்காபாயி, சுபாஷ் வியாம் தம்பதியருக்கு வந்தது. 2011இல் வெளிவந்த 'பீமாயனா' என்ற அந்நூலில் சித்திரக்கதைகளுக்கே உரிய கட்டங்கள் இல்லை. மனிதர்களைக் கட்டத்துக்குள் அடைத்தால் அவர்களுக்கு மூச்சு முட்டும் என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். அன்பான சொற்கள் பறவை வடிவக் குமிழிகளில் வருகின்றன. தீண்டாமை பேசும் சொற்களின் குமிழிக்குத் தேள்கொடுக்கு. தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவனின் கதையில் பக்கமெங்கும் மீன்கள். ஒரு பர்தான் இணையர் தலித் தலைவர் ஒருவரின் வரலாற்றைப் பாடியதற்கு மரபில் முன்மாதிரி கிடையாது. ஆயினும் தாங்கள் மதிப்பவரின் வரலாற்றைப் பாடுவது பர்தானின் வேலைதானே? மரபை மீறியதாலேயே மரபைக் காத்தார்கள்.

பஜ்ஜு ஷியாமுக்கு 2018இலும் துர்காபாயிக்கு 2022இலும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2023இல் மத்தியப் பிரதேசக் கோண்டு ஓவியம் புவிசார் குறியீடு பெற்றது. போலிகளைத் தடுக்க அது உதவினால் மகிழ்ச்சியே. ஆனால் புவிசார் குறியீடு ஊருக்கும் வட்டாரத்துக்கும் கொடுக்கப்படுவது. நிலத்தின் பெயர் சட்டத்தில் ஏறிவிட்டது. கையின் பெயர் ஏறியதா என்பதே என் கவலை.

* * *

இவ்வளவும் எழுதும்போது எனக்கு எங்கள் ஊர்க்காரர் ஒருவர் நினைவு வந்துகொண்டே இருந்தது. தோப்பில் முகமது மீரான் 1944இல் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்தவர். ஊர் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. அவர் படித்தது மலையாளத்தில். பின்னர் திருநெல்வேலியில் குடியேறி மிளகாய் வத்தல் வியாபாரம் செய்தார். 1988இல் நூலாக வந்த 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யும், 1997இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற 'சாய்வு நாற்காலி'யும் எங்கள் ஊரின் பேச்சில், எங்கள் ஊரின் தெருக்களில் நடப்பவை. அவர் 2019இல் திருநெல்வேலியில் காலமானார். நகரத்தில் குடியிருந்து எழுதினார் என்பதற்காக அவருடைய தேங்காய்ப்பட்டணம் அசல் அன்று என்று யாராவது சொன்னதுண்டா? ஊரைவிட்டுப் போனவர்தான் ஊரை முழுதாகப் பார்த்தார் என்றே நாம் சொல்கிறோம். எழுத்தாளனுக்கு நாம் தாராளமாகத் தரும் இந்த உரிமையை ஆதிவாசி ஓவியனுக்கு ஏன் மறுக்கிறோம்?

காரணம் எளியது. எழுத்தாளனை ஒரு மனிதனாகப் பார்க்கிறோம். ஆதிவாசியை ஒரு மாதிரியாகப் பார்க்கிறோம். எங்கள் மாவட்ட மலைகளின் காணிக்காரர்களிடம் கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசி இசைத்துப் பாடும் சாற்றுப்பாட்டு உண்டு. நோய் நீங்கவும் தெய்வத்தை அழைக்கவும் பாடுவது. காணி என்றால் நிலம். நிலத்தின் பெயரையே தம் பெயராகக் கொண்டவர்கள். நாளை அவர்களில் ஓர் இளைஞர் நாகர்கோவிலில் அறை எடுத்துத் தங்கி, அந்தப் பாட்டைக் கணினியில் வேறொரு இசையாக்கினால் நாம் என்ன சொல்வோம்? விழா மேடையில் இலைதழை கட்டி வந்து ஆடினால் கைதட்டும் நாம், கால்சட்டை அணிந்து வந்தால் அசல் இல்லை என்போமா? அப்படிச் சொன்னால் அவருடைய கலையை நாம் காப்பதாகப் பொருளில்லை. அவரை மாற அனுமதிக்க மறுக்கிறோம் என்பதே பொருள். பொழிமுகத்து நீரைப் பார்த்து இது ஆறில்லை என்று சொல்வதுபோல.

கட்டுரையை எழுதி முடிக்கும் முன் நண்பர் வீட்டுக்கு மறுபடியும் போனேன். அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கச் சொல்லி முன்னும் பின்னும் பார்த்தேன். மானின் உடலில் இருந்த நெல்மணிக் கோடுகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி. இயந்திர அச்சு. யாரோ ஒருவர் வரைந்ததன் நகலின் நகல். கீழே மூலையில் கையெழுத்து இல்லை. பின்புறத்தில் விலைச்சீட்டு இருந்தது. அதில் 'ட்ரைபல் ஆர்ட்' என்று அச்சிட்டிருந்தது.

"அப்படியானால் அசல் இல்லையா சார்?" என்றார் நண்பர்.

இல்லைதான். ஆனால் பட்டணத்தில் வரைந்ததால் அன்று. வரைந்தவர் பெயர் அதில் இல்லாததால். எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணின் பெயரைத் தொலைத்தவர்கள் நாம். இனி ஒரு படம் வாங்கும்போது எத்தனை ஆண்டுப் பழமை என்று கேட்பதற்கு முன், யார் வரைந்தது என்று கேட்போம்.